மதகடியில் இருபது நிமிடம்

கிழக்கிலிருந்து அடித்த காற்று விடிந்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை. ஏப்ரல் பிறந்து நாலு நாளாகியும் மழையோடு ஐஸ் துகள் கலந்து மூஞ்சியில் குத்தியது. பெரிய வெள்ளிக்கிழமை. காலையில் டிவைசஸ் ஊரில் கிளம்பிய பள்ளிக்கூடப் பந்தயப் படகுகள் அத்தனையும் பொழுதுக்கும் அந்தக் காற்றுக்கு எதிரேதான் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. சாயங்காலத்துக்குள் நியூபரி போய்ச் சேர வேண்டும். அங்கே கூடாரம். மறுபடி நாளைக்கு, மறுபடி நாளை மறுநாள் என்று நாலாவது நாள் லண்டன்.

மெர்வின் ஸ்லோப்பர், கால்வாய்ப் படகுகளை மட்டம் மாற்றி இறக்கிவிடும் கதவு மதகுக்குக் கீழே கரையில் நின்றிருந்தான். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் தேநீர்க் கோப்பை. ஆறு வந்து கால்வாய்க்குள் விழுகிற இடம் அது. அதுவரைக்கும் தூங்குகிற மாதிரிக் கிடக்கிற தண்ணீர் அங்கே முழித்துக்கொண்டு இழுக்க ஆரம்பிக்கும். அவனுக்கு அந்த இடத்தில் தெரியாத கல் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கால்வாயில்தான் கூலிவேலை. சேறு வாருவான், கரைக்குக் கல் அடுக்குவான், மதகுக் கதவு உளுத்துப்போனால் கிரேனில் தொங்கவிட்டுப் புதுசை மாட்டுவான். லீவு நாளிலும் அதே இடத்தில், அதே ரப்பர் பூட்ஸோடு வந்து நிற்பது அவனுக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

"கப்பைக் கீழ வை. ஆடி ஆடிப் பாதி கொட்டிடுச்சு" என்றாள் டோரீன். அவன் மனைவி. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, உப்புப் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"நாலு இருபத்தஞ்சு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிதான் கேட்ட."

"ஆறு மணிக்கு நியூபரியில மூடிடுவாங்க."

"எனக்குத் தெரியும் மெர்வ். பேப்பரை உனக்குப் படிச்சுக் காட்டினதே நான்தான்."

அது உண்மை. பந்தயக்காரர்கள் அனுப்பிய விதிமுறைக் காகிதத்தை அடுப்படி மேஜையில் வைத்து மூன்று தடவை படித்துக் காட்டினாள். படகை அதில் போகிற இரண்டு பேர்தான் தொடலாம். மதகுக்கு மதகு கரையேறி, படகைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் இறக்குவது எல்லாம் அவர்கள் பாடு. கூட வருகிறவர்கள் சாப்பாடு கொடுக்கலாம், உலர்ந்த துணி கொடுக்கலாம், கத்தலாம். படகில் கை வைத்தால் அந்த இடத்திலேயே இருபது நிமிஷம் நிறுத்திவிடுவார்கள். மூன்று தடவையும் மெர்வின் தலையை ஆட்டினான். மூன்றாவது தடவை, "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனான்.

மகள் ஜோசிக்குப் பதினேழு வயசு. மில் லேன் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். குளிர்காலம் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்து, கால்வாயின் ஓரத்து ஐஸைத் துடுப்பால் உடைத்துக்கொண்டு போய்ப் பழகினாள். உள்ளங்கையில் தோல் உரிந்து, காய்த்து, மறுபடி உரிந்தது. ஒரு பள்ளிக்கூடம் மூன்று படகு விடலாம். மூன்றும் ஒவ்வொரு நாளும் மூடுகிற நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் பள்ளிக்கூடத்தின் பேர் அணிப் பட்டியலில் நிற்கும். மில் லேனுக்கு ஒரு வருஷமும் மூன்று படகு சேர்ந்தாற்போல் வந்து சேர்ந்ததில்லை. சொந்தமாகப் படகுத்துறை வைத்திருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து, "ஒட்டுப்போட்ட படகு வருதுடா, வழி விடுங்க" என்பார்கள். மூன்று படகும் பழசு, ஒட்டுப் போட்டவை என்பதும் பொய்யில்லை. இந்தத் தடவை ஆம்பளைப் பிள்ளைகளின் இரண்டு படகும் மூன்றரை மணிக்கே இந்த மதகைத் தாண்டிவிட்டன. பாக்கி ஜோசியும் அவள் கூட்டாளி ஹேட்டியும்.

"வர்றாங்க" என்று மதகுக்கு மேலேயிருந்து குரல் வந்தது. ரடில். பந்தயத்துக்குக் கரைக்காவல் பார்க்கிற தொண்டர்களில் ஒருவன். மஞ்சள் சட்டைக்குள் குளிரில் சுருங்கிப்போய், மழை படாமல் இருக்க பிளாஸ்டிக் பையில் போட்ட அட்டையோடு நின்றான். அவனும் கால்வாய்க் கூலிதான். போன வருஷம் முதுகு போய் வேலையை விட்டவன். பதினெட்டு வருஷம் மெர்வினோடு ஒரே கும்பலில் சேறு வாரியவன், செவ்வாய்க்கிழமை ராத்திரி டார்ட்ஸ் எறிகிறவன்.

வளைவில் படகின் மூக்கு தெரிந்தது. முன்னால் ஜோசி, பின்னால் ஹேட்டி. இருவர் தோளும் ஒன்றாகத் திரும்பவில்லை. ஜோசி துடுப்பை இழுத்து முடிக்கும்போது ஹேட்டி அப்போதுதான் போட்டாள்.

"சேர்ந்து போடுங்கடி! ஒண்ணு... ரெண்டு..." என்று டோரீன் எழுந்து நின்று கத்தினாள்.

"எண்ணத் தெரிஞ்சா நான் கணக்குல பாஸாகியிருப்பேனே ஆன்ட்டி!" என்று ஹேட்டி திருப்பிக் கத்தினாள். உதடு நீலம் பாரித்திருந்தும் வாய் மட்டும் ஓயவில்லை.

கரையேறினார்கள். படகைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். தோளில் வைத்தார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, தள்ளாட்டம். மெர்வின் பக்கத்திலேயே நடந்தான். பாதி உருளைக்கிழங்கை ஜோசியின் வாயில் திணித்தான். மெல்ல முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு மைல். நாலு மதகு. நேரம் இருக்கு, பதறாதே."

"எவ்வளவு நேரம்னு சொல்லுப்பா. பதறாதேன்னு சொல்லாதே."

"ஒரு மணி நேரம், இருபது நிமிஷம்."

"அப்ப போதும்" என்றாள் ஜோசி. காலையிலிருந்து அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

மதகுக்குக் கீழே இறக்குகிற இடம் களிமண். முன்னால் போன நூறு படகுக்காரர்களின் கால் பட்டு மாவாகக் குழைந்து கிடந்தது. படகைத் தண்ணீரில் வைத்தார்கள். ஹேட்டியின் ஒரு ஷூ சேற்றில் மாட்டிக்கொண்டது. அவள் குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஜோசி ஒற்றைக் கையால் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் துடுப்பை எடுக்கப் போனாள். குளிரில் விறைத்த விரல். பிடித்திருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த கை பிடித்திருக்கவில்லை. படகு நழுவியது. ஆற்றுத் தண்ணீர் அதன் மூக்கைத் திருப்பி இழுத்துக்கொண்டது.

"ஐயோ!" என்றாள் ஜோசி.

மெர்வின் தண்ணீர் போகிற பக்கம் பத்தடி தள்ளி நின்றிருந்தான். அவன் யோசிக்கவில்லை. கால்வாய் வேலையில் யோசிக்கிற வழக்கமே கிடையாது. கயிறு பறந்து வந்தால் பிடிக்க வேண்டும், அது யார் கயிறு என்று கேட்கக் கூடாது. ஆளில்லாத படகு மிதந்து வந்தால் இறங்கித் தடுக்க வேண்டும். கண்ணெதிரே ஒரு படகைப் போகவிட்டவனோடு மறுநாள் கும்பலில் எவனும் உட்கார்ந்து டீ குடிக்க மாட்டான். கோப்பை எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. தொடை அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் படகின் மூக்கைப் பிடித்திருந்தன. பிடித்ததோடு நிற்காமல் இழுத்துக்கொண்டு வந்து, புல்மேல் பாதி ஏற்றியும் வைத்துவிட்டான்.

"புடிச்சாச்சு!" என்றான் சந்தோஷமாக.

ஜோசி கன்னத்தில் ஒதுக்கிய உருளைக்கிழங்கோடு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டோரீன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அப்புறம்தான் மெர்வின் தன் கைகளைப் பார்த்தான்.

ரடில் மேலேயிருந்து மெள்ள இறங்கி வந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அட்டையிலிருந்து பென்சிலை உருவினான்.

"நாலு நாப்பத்தொண்ணு" என்றான். "அஞ்சு ஒண்ணு வரைக்கும் நிக்கணும் பிள்ளைகளா. வந்து அந்தப் பலகையில உக்காருங்க. காத்துக்கு மறைவா இருக்கும்."

"ரடில், யோவ்" என்றான் மெர்வின்.

"என்கிட்டப் பேசாதே மெர்வ்."

"படகு அடிச்சுக்கிட்டுப் போகுதுய்யா. வழிந்தோடியில விழுந்திருந்தா ரெண்டா ஒடிஞ்சிருக்கும். ஒரு ஆத்திர அவசரத்துக்கு—"

"எங்க விழும்?" ரடில் பென்சிலால் கீழ்ப்பக்கம் காட்டினான். "அங்க குறுக்க என்ன கெடக்கு? சொல்லு."

இருபது கஜம் தள்ளி, மிச்சத் தண்ணீர் வழிந்து கீழே விழுகிற வழிந்தோடியின் வாயில், கரைக்குக் கரை சங்கிலியில் கோத்த மிதவை மரம் கிடந்தது. குப்பையும் வாத்தும் தவறி வருகிற படகும் அதில் முட்டி நிற்பதற்காகப் போட்டது.

"பிப்ரவரியில அதைப் போட்டது யாரு?" என்றான் ரடில்.

மெர்வின் தன் சுண்டுவிரலைப் பார்த்தான். அவன்தான் போட்டான். போல்ட் முறுக்கும்போது சுண்டுவிரல் நகம் பெயர்ந்து, பத்து நாள் கட்டுப் போட்டிருந்தான்.

"படகு நேரா போய் அதுல மோதி நின்னிருக்கும். பிள்ளைங்க கரையோட நடந்து போய் எடுத்திருக்கும். ரெண்டு நிமிஷம் போயிருக்கும். அவ்வளவுதான்யா."

"நீ பாக்காத மாதிரி திரும்பி நின்னிருக்கலாம்."

"திரும்பித்தான் நின்னேன். நீ 'புடிச்சாச்சு'ன்னு ஊருக்கே கேக்கிற மாதிரி கத்தின." ரடில் அட்டையால் மேலே காட்டினான். "பாலத்து மேல நாலு பள்ளிக்கூடத்து ஆளுங்க நிக்கிறாங்க. போன வருஷம் அதுல ஒருத்தங்க பையனை இதே விஷயத்துக்கு இங்கயே நிறுத்தினவன் நான். இன்னைக்கு என் கூட்டாளி மகள்னா விட்டுடவா?"

மெர்வின் பாலத்தை நிமிர்ந்து பார்த்தான். குடை பிடித்த நாலைந்து பேர். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டைக்காவது போயிருக்கலாம்.

பலகையில் இரண்டு பிள்ளைகளும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். டோரீன் இரண்டு பேரையும் ஒரே போர்வையால் சுற்றி, டின்னிலிருந்து பால்சோற்றைக் கரண்டியால் ஊட்டினாள். ஹேட்டிக்கு ஒரு வாய், ஜோசிக்கு ஒரு வாய். ஜோசியின் முட்டி தானாக ஆடியது. ஓடிக்கொண்டே இருந்தால் தெரியாத குளிர், உட்கார்ந்ததும் எலும்புக்குள் இறங்கும்.

மெர்வின் தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு கிட்டே போனான்.

"அம்மா, அவரை அங்கயே நிக்கச் சொல்லு" என்றாள் ஜோசி.

"கோட்டு மட்டும்—"

"வேண்டாம்."

"ஈரமில்லாத கோட்டும்மா."

"வேண்டாம்னு சொன்னா கேளேன்ப்பா! ஒரு தடவையாவது சொன்னதைக் கேளேன்! ஒண்ணும் செய்யாம சும்மா நில்லு. உன்னால முடியவே முடியாதா? சும்மா நிக்க?"

அவன் நின்றான். கோட்டை மறுபடி போட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை. காற்று ஈரக் கால்சட்டை வழியாக ஏறியது.

"திட்டாதேடி. என் அப்பாவா இருந்தா கார்லயே தூங்கியிருப்பார்" என்றாள் ஹேட்டி.

"தூங்கியிருந்தா நாம இப்ப தண்ணியில இருப்போம்."

ஹேட்டி வாயிலிருந்த பால்சோற்றை விழுங்கினாள். பிறகு, "அதுவும் சரிதான்" என்றாள்.

இருபது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று மெர்வினுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த இருபது நிமிஷம் ஒரு மதகு நிறைகிற நேரம், ஒரு ரொட்டியும் டீயும் உள்ளே போகிற நேரம். இது வேறு. வேறு பள்ளிக்கூடப் படகு ஒன்று வந்து, தூக்கி, இறக்கி, போனது. இன்னொன்று போனது. அதில் முன்னால் இருந்த பையன், "மில் லேன், என்ன பிக்னிக்கா?" என்று கேட்டான். ஹேட்டி ஒரு விரலைக் காட்டினாள்.

டோரீன் கரண்டியைக் கழுவ அவன் பக்கம் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"மூணு தடவை படிச்சேன்."

"தெரியும்."

"மூணு தடவை, மெர்வ்."

"என் கை போயிடுச்சு டோரீன். நான் போகலை. கை போயிடுச்சு."

"அதை அவகிட்டச் சொல்லு. உன் கை எப்பவும் இப்படித்தான். அவ சைக்கிள் பழகினப்ப ரெண்டு வருஷம் சீட்டை விட்டியா நீ? கடைசியில பக்கத்து வீட்டுப் பையன்தான் கத்துக் கொடுத்தான்."

"இப்ப எதுக்கு அது?"

"எதுக்கும் இல்லை" என்றாள். கரண்டியை இரண்டாவது தடவையும் கழுவினாள்.

"ஒரு நிமிஷம் இருக்கு. ஏறி உக்காந்துக்கோங்க. நான் சொன்னதும் போகலாம்" என்று ரடில் அறிவித்தான். அவன் குரலில் இப்போது சர்க்கார் ஆளின் விறைப்பு இல்லை. "வலது கரையை ஒட்டிப் போங்க, பிள்ளைகளா. காத்து அங்க கொஞ்சம் கம்மி. இதைச் சொல்லலாம், விதியில தடை இல்லை. ம், போங்க!"

போனார்கள். வளைவு திரும்புகிற வரைக்கும் ஜோசி திரும்பிப் பார்க்கவில்லை.

வேனில் கிளம்பினார்கள். துடைப்பான் இடது பக்கம் போகும்போது கிறீச்சிட்டது. நியூபரிக்கு முந்தின பாலத்தில் நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காத்திருந்தார்கள். ஐந்து முப்பத்தெட்டுக்குப் படகு பாலத்துக்குக் கீழே வந்தது. இப்போது தோள்கள் ஒன்றாகத் திரும்பின. இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. ஹேட்டிகூட. அழுத்தி அழுத்தி இழுத்தார்கள். ஆனால் காற்று ஒவ்வொரு இழுப்பிலும் பாதியைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டது.

"வந்துருவாங்களா?" என்றாள் டோரீன்.

மெர்வினுக்குத் தண்ணீர் தெரியும். அந்தத் தூரத்துக்கு அந்த வேகத்தில் எத்தனை நிமிஷம் என்று அவன் உடம்புக்கே தெரியும். "வந்துருவாங்க" என்றான்.

நியூபரி படகுத்துறையில் கூட்டம். சூப் கொதிக்கிற வாசனை, ஈரக் கம்பளி வாசனை. மில் லேன் பையன்கள் நாலு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கரை ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய டீச்சர் மிஸ் கெண்டல் ஓடி வந்தாள்.

"நிறுத்தி வெச்சாங்களாமே? உண்மையா? யார் தொட்டது?"

"நான்தான்" என்றான் மெர்வின்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பையன்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு, "இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

பதினாலு, பத்தாயிற்று. பத்து, மூன்றாயிற்று. துறையின் கடைசியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் ஆறு மணிக்குத் தன் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தாள். கிழித்துவிட்டு, தலையைத் தூக்கி, ஆற்றைப் பார்த்தாள். அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. தெரிந்து என்ன?

ஆறு பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பையன்கள் கை தட்டினார்கள். மற்ற பள்ளிக்கூடத்து ஆட்களும் தட்டினார்கள். கடைசியாக வருகிற படகுக்கு எப்போதும் பலமாகத்தான் தட்டுவார்கள். ஜோசி அந்தச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு" என்றாள் மிஸ் கெண்டல். "ஜோசி, நீங்க ரெண்டு பேரும் இன்னைக்குப் போட்ட மாதிரி—"

"பதினொண்ணு" என்றாள் ஜோசி ஹேட்டியிடம்.

இருபதிலிருந்து பதினொன்றைக் கழிப்பது கரையில் நின்ற எல்லாருக்கும் முடிந்தது. கணக்கில் தேறாத ஹேட்டிக்கும் முடிந்தது. மேஜை அம்மாள் எழுந்து வந்து, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி, இருவர் முதுகிலிருந்தும் எண் அட்டையை அவிழ்த்தாள். ஈர முடிச்சு. அவிழ நேரமாயிற்று. ஜோசி சின்னப் பிள்ளை மாதிரி அசையாமல் நின்று காட்டினாள்.

"அடுத்த வருஷம்..." என்று பையன்களில் ஒருவன் ஆரம்பித்தான். அவனுக்கு அடுத்த வருஷம் இருந்தது. பக்கத்திலிருந்தவன் அவன் காலை மிதித்தான்.

ஹேட்டி அப்போதுதான் அழுதாள். சத்தமாக, மூக்கு ஒழுக, டோரீனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு. "என்னாலதான் ஆன்ட்டி. அந்த ஷூ. விட்டுட்டு ஒத்தை ஷூவோட ஏறியிருக்கணும்" என்றாள்.

"உன்னால இல்லைடா கண்ணு."

"எல்லாராலயும்தான்" என்றாள் ஜோசி. அவள் அழவில்லை. "வா. படகைக் கொண்டு போகணும்."

படகு ஏற்றுகிற வண்டி பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், கார் நிறுத்துகிற மைதானத்தில் நின்றது. படகுத்துறையிலிருந்து முந்நூறு கஜம். இனி அந்தப் படகை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். பையன்கள் போர்வையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தார்கள். மெர்வினும் வந்தான்.

"குடும்மா. முடிஞ்சுபோச்சு. இப்ப நான் தூக்கலாம்."

"தெரியும்."

"நடக்கவே முடியலை உன்னால. காலைப் பாரு."

"டிவைசஸ்ல நாங்கதான் இறக்கினோம்" என்றாள் ஜோசி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நாங்களே ஏத்திட்டு வர்றோம். ஹேட்டி, நீ முன்னால பிடி."

தோளில் வைத்தார்கள். ஹேட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்தாள். பத்து அடிக்கு ஒரு தடவை நின்றார்கள். படகு சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. மெர்வின் இரண்டடி பின்னால் வந்தான். ஒவ்வொரு சாய்வுக்கும் அவன் தோள் தானாகத் துள்ளியது. கையைக் கோட்டுப் பைக்குள் திணித்தான். அது வெளியே வந்தது. மறுபடி திணித்தான். அவனோடு அவனே மல்லுக்கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் நின்றார்கள். ஈஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போகிற வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் விடாமல் போயின. ஒருவரும் நிறுத்தவில்லை. தோளில் படகோடு இரண்டு பிள்ளைகள் விளிம்பில் நின்றார்கள். ஜோசியின் முழங்கால் மடங்கப் பார்த்தது. அவள் கீழே இறக்கவில்லை. ஒரு தடவை இறக்கினால் மறுபடி தூக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

மெர்வின் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான். ரோட்டில் இறங்கினான். ஒரு கார் அவன் பூட்ஸை உரசிக்கொண்டு போனது. அடுத்த லாரிக்கு நேராக, நட்டநடு ரோட்டில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து நீட்டினான். லாரிக்காரன் பிரேக்கை மிதித்து, ஹாரனில் முழங்கையை ஊன்றி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"பைத்தியமாய்யா உனக்கு? ரோடு உன் அப்பன் வீட்டுதா?"

மெர்வின் நகரவில்லை. ஒரு கை லாரிப் பக்கம், ஒரு கை எதிர்ப்பக்கக் கார்கள் பக்கம். ஹாரன் சத்தம் வரிசை முழுக்கப் பரவியது. அவனுக்குப் பின்னால் நாலு ஈர ஷூக்கள் சதக் சதக்கென்று, அவசரமில்லாமல், தம் பாட்டுக்கு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே அடிகளை எண்ணிக்கொண்டு நின்றான்.